ஏரி காஞ்ச பிறகு பறவை எண்ண வராதே!

தலையங்கம்



கரும்புக்கு விலை கேட்டோம். மரவள்ளிக்கு விலை கேட்டோம். ஏரி தூர் வாரச் சொல்லிக் கேட்டோம். இந்தத் தடவை ஒரு புதுக் கணக்கைப் பற்றிப் பேசப் போகிறோம். மயில் எத்தனை, உடும்பு எத்தனை, கொக்கு எத்தனை, தவளை எத்தனை என்கிற கணக்கு.

"என்னய்யா, நம்ம சங்கமும் மயில் கணக்கு எடுக்கக் கிளம்பிடுச்சா? மல்லாட்டைக் கொல்லைய மயிலும் பன்னியும் சேந்து அழிக்குது, அதுக்கு வழி சொல்லாம எண்ணிக்கை கேக்குறீங்களா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஒரு சுரங்கம் வரவேண்டும் என்றால் சர்க்கார் ஒரு அறிக்கை கேட்கும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்று பெயர். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். அதில் காற்று, தண்ணீர், சத்தம், மண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி. அதில் ஒரு பகுதி, அந்த இடத்தில் என்னென்ன மரம் செடி, என்னென்ன உயிரினம் இருக்கிறது என்பது. ஊரில் ஒருத்தரும் படிக்காத பகுதி அதுதான். ஆனால் அந்தப் பூமி "ஒன்றுமில்லாத வறண்ட பூமி"யா, "உயிருள்ள பூமி"யா என்று டில்லியில் உட்கார்ந்திருக்கும் நிபுணர் குழுவுக்குச் சொல்வதும் அதே பகுதிதான். அங்கே ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டால், அழிப்பதற்கும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்!

நெய்வேலி நமக்குத் தூரமா?

நம்ம மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. நம்ம காலுக்கடியில் பெரும்பாலும் கெட்டிப் பாறை. பழுப்பு நிலக்கரி கிடப்பது கிழக்கே நெய்வேலிப் பக்கம். "அப்புறம் நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியுமா?

கல்வராயன் மலையில் பெய்யும் மழைதான் கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்குகிறது. கோமுகி அணையிலும் மணிமுக்தா அணையிலும் தேங்கி, நம்ம ஏரிகளை நிரப்பி, விருத்தாசலம் வழியாகப் போய்க் கூடலையாத்தூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. அந்த வெள்ளாறுதான் நெய்வேலிக்குத் தெற்கே சேத்தியாத்தோப்பைத் தொட்டுக் கடலுக்குப் போகிறது. மலை நம்மோடது, கடைமடை அவர்களோடது, தண்ணீர் ஒன்று. ஏரியில் இறங்கும் பறவைக்கும் மாவட்ட எல்லை தெரியாது. இன்றைக்கு வீராணத்தில் இரை எடுக்கும் நாரை நாளைக்கு நம்ம ஏரிக்கு வரும்.

நெய்வேலிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக ஏதோ வந்தது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. முதல் சுரங்கம், இரண்டாவது சுரங்கம், முதல் சுரங்கத்தின் விரிவாக்கம் என்று வளர்ந்து இன்றைக்கு ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டன் நிலக்கரி வெட்டும் திறனோடு நிற்கிறது.

இது குகை மாதிரி உள்ளே போய் வெட்டும் சுரங்கம் அல்ல. திறந்தவெளிச் சுரங்கம். மேலே இருக்கும் வயல், தோப்பு, ஏரி, கோயில், சுடுகாடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பனைமரத்தை அடுக்கின மாதிரி ஆழத்துக்கு மண்ணை வழித்து எடுத்த பிறகுதான் நிலக்கரி தெரியும். ஒரு டன் நிலக்கரிக்காக அதைப்போல பல மடங்கு மண்ணைப் புரட்ட வேண்டும். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் குழிக்குள் பீறிட்டு வராமல் இருக்க இரவும் பகலும் பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் கிணறு இறங்கிப் போச்சு, போர் வத்திப் போச்சு என்று அழுவதற்குக் காரணம் தேடி ரொம்பதூரம் போக வேண்டாம்.

2023 ஜூலை 26ஆம் தேதி வளையமாதேவியில் நடந்ததை மறக்க முடியுமா? சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுகிறோம் என்று, பச்சைப் பசேலென்று நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியது. நிலம் எப்பவோ கையகப்படுத்தியாச்சு என்றார்கள். அறுவடை வரைக்கும் பொறுக்கக் கூடாதா என்று நாடே கேட்டது. பயிர் போனதற்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நெல்லுக்கு ஒரு கணக்கு வந்தது. அந்த வயல் வரப்பில் வளை போட்டிருந்த நண்டுக்கும், நத்தை கொத்த வந்த நாரைக்கும், எலி பிடித்த சாரைப்பாம்புக்கும் எந்தக் கணக்கும் இல்லை. அவை இல்லாமல் போனால் அடுத்த வயல்காரனுக்கு என்ன நஷ்டம் என்றும் யாரும் கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

1994இல் முதல் அறிவிக்கை வந்தது. 2006 செப்டம்பர் 14ஆம் தேதி வந்த அறிவிக்கை அதற்குப் பதிலாக வந்தது. அதன்படி சுரங்கம் தோண்டும் இடத்தை மையப் பகுதி என்றும், அதைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டரை இடைப்பகுதி என்றும் பிரித்து ஆய்வு செய்யணும். பத்துக் கிலோமீட்டர் என்றால் எத்தனை ஊர் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்ம பக்கத்தில் ஒரு டவுனையும் முப்பது, நாற்பது கிராமத்தையும் அதற்குள் அடக்கிவிடலாம்.

இரண்டு பகுதிக்கும் தனித்தனியாக மரம் செடி உயிரினப் பட்டியல் கொடுக்கணும். விலங்குகள் போய்வரும் வழித்தடம் இருக்கா இல்லையா என்று தெளிவாக எழுதணும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் இருந்தால், அதைக் காப்பாற்றத் தனித்திட்டமும் அதற்குப் பணமும் ஒதுக்கணும். முதல் அட்டவணை என்றால் புலியும் யானையும் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். மயில் அதில் இருக்கிறது. உடும்பு இருக்கிறது. கரடி இருக்கிறது. எறும்புத்தின்னி என்கிற அலங்கும் இருக்கிறது. நம்ம கொல்லையிலும் கரட்டிலும் திரிகிற உயிர்கள் இவை!

எழுதியிருப்பது நல்லாத்தான் இருக்கு. ஓட்டை எங்கே?

முதல் ஓட்டை: ஆய்வு செய்கிறவருக்குக் கூலி கொடுப்பது யார்? சுரங்கம் தோண்டப் போகிற நிறுவனமே கொடுக்கிறது. எடைமேடைக்காரனுக்கு வியாபாரி சம்பளம் கொடுத்தால் நம்ம மூட்டை எவ்வளவு எடை நிற்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தரணுமா?

இரண்டாவது ஓட்டை: ஒரு பருவம் மட்டும் ஆய்வு செய்தால் போதும், அதுவும் மழைக்காலம் அல்லாத பருவம். இதற்கு ஒரு காரணம் உண்டு. மழை பெய்தால் தூசி அடங்கிவிடும், காற்று சுத்தமாகத் தெரியும், அதனால் தூசி அளக்க வெயில் காலம்தான் சரி. தூசிக்குச் சரி. தவளைக்குச் சரியா? ஏரிப் பறவைக்குச் சரியா?

மூன்றாவது ஓட்டை: ஒரு ஊர் அறிக்கையை வெட்டி இன்னொரு ஊர் அறிக்கையில் ஒட்டுவது. 2007இல் மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காகக் கொடுத்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். பறவைகள் வாழும் இடம் என்று அதில் எழுதியிருந்தது ஸ்புரூஸ், பிர்ச் மரக்காடுகள். பனி கொட்டுகிற ரஷ்ய நாட்டு மரங்கள்! அங்கே ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதியதை அப்படியே எடுத்து, மாம்பழம் விளைகிற கொங்கணக் கரைக்குப் போட்டிருந்தார்கள். மாட்டிக்கொண்டது ஒன்று. மாட்டாதது எத்தனையோ!

எப்படி எண்ணணும்? எப்படி எண்ணுறாங்க?

உயிரினக் கணக்கு எடுப்பது ஜீப்பில் வந்து ரோட்டோரம் நின்று போட்டோ எடுக்கிற வேலை இல்லை. அதற்கு முறை இருக்கிறது. ஒரு நேர்கோடு குறித்துக்கொண்டு, விடிகாலையிலும் சாயங்காலத்திலும் அந்தக் கோட்டில் நடந்து, இரண்டு பக்கமும் என்ன தெரிகிறது, எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று எழுதணும். ஒரே கோட்டில் திரும்பத் திரும்பப் பல நாள் நடக்கணும். மரத்துக்குப் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டம் போட்டு, உள்ளே என்ன மரம், எவ்வளவு பருமன் என்று அளக்கணும். கண்ணில் படாத விலங்குக்கு எச்சம், கால்தடம், வளை, பிறாண்டிய அடையாளம் பார்க்கணும். ராத்திரி திரிகிறதுக்குத் தானியங்கி கேமரா கட்டணும். தவளைக்கு மழை பெய்த ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் நடக்கணும். சத்தத்தை வைத்தே எந்தத் தவளை என்று பிரித்துச் சொல்லத் தெரிஞ்சவங்க வேணும்.

இப்போ நம்ம ஊர்க் காலண்டரை எடுத்துப் பாருங்கள்.

சித்திரை, வைகாசியில் ஏரி காஞ்சு வெடிச்சுக் கிடக்கும். கருவேல மரமும் வெறும் மண்ணும்தான். அப்போ வந்து பார்க்கிறவன் "நீர்ப்பறவை எதுவும் காணப்படவில்லை" என்று எழுதினால் அது பொய்யில்லை. உண்மையும் இல்லை!

ஆடி, ஆவணியில் முதல் மழை விழுந்ததும் தவளை கத்தும், ஈசல் கிளம்பும், ஈசலுக்கு உடும்பும் எறும்புத்தின்னியும் வெளியே வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி ரொம்பும். வடக்கேயிருந்து சிறகியும் உள்ளானும் வந்து இறங்கும். மார்கழி, தை மாதத்தில் ஏரிக்கரையில் விடியற்காலம் நின்றால் காதடைக்கும். மாசி, பங்குனியில் அவை திரும்பிப் போகும். மயில் ஆடுவது ஒரு மாதம், முட்டை வைப்பது ஒரு மாதம். தூக்கணாங்குருவி பனையில் கூடு கட்டுவது ஒரு காலம். மலையில் தேன் எடுப்பது ஒரு காலம், கடுக்காய் பொறுக்குவது ஒரு காலம்.

இந்த வருஷ ஓட்டத்தை மூணே மாசத்தில், அதுவும் வெயில் மாசத்தில் எண்ணி முடித்துவிட முடியுமா? பங்குனியில் வந்து கழனியைப் பார்த்துவிட்டு "இந்த ஊரில் நெல் விளையாது" என்று எழுதினால் ஒத்துக்கொள்வீர்களா?

இதையெல்லாம் தெரிந்தவர் யார்? ஆடு மேய்க்கிற அம்மாவுக்குத் தெரியும். ஏரிக்கு மடை திறக்கிற நீர்க்கட்டிக்குத் தெரியும். மலையில் தேன் எடுக்கிற மலையாளிச் சனத்துக்குத் தெரியும். ராத்திரி காவலுக்குப் பரண்மேல் படுக்கிறவனுக்குத் தெரியும். ஆனால் அறிக்கை எழுத வருகிறவர்கள் இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது அபூர்வம். கேட்டாலும் கையெழுத்து வாங்குவதில்லை. சங்கம் சொல்கிறது: ஊர் சாட்சி இல்லாத கணக்கு கணக்கே இல்லை!

பன்னிய எண்ணி நமக்கு என்ன லாபம்?

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். காட்டுப்பன்றி மரவள்ளியைத் தோண்டிப் போடுகிறது. மயில் மல்லாட்டையைக் கிளறுகிறது. இந்தக் கோபம் எங்களுக்கும் இருக்கிறது. பன்றிப் பிரச்சினைக்குத் தீர்வு கேட்டு விவசாயிகள் ஊர் ஊராகப் போராடிய பிறகுதான் 2025 ஜனவரியில் தமிழக அரசு இறங்கி வந்தது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம் என்று வழிவகை செய்தது. மலையடிவாரத்து விவசாயிக்கு அதிலும் பலன் குறைவு. அந்தப் போராட்டம் தொடரும்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். மலையைக் குடைந்தாலும், கரட்டை உடைத்தாலும், காட்டைச் சுரங்கமாக்கினாலும் அங்கே இருந்த விலங்கு எங்கே போகும்? வெடிச் சத்தத்துக்கும் லாரி வெளிச்சத்துக்கும் மிரண்டு கிளம்பினால் வந்து நிற்கிற இடம் நம்ம கரும்புக் காடு.

சத்தீஸ்கரில் ஹஸ்தேவ் அரண்ட் என்று ஒரு பெருங்காடு. அதற்கடியில் நிலக்கரி. 2011இல் வன ஆலோசனைக் குழு வேண்டாம் என்று சொன்ன சுரங்கத்துக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. 2014 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்தது. அங்கே என்ன உயிரினம் இருக்கிறது, யானை போகும் வழி இருக்கிறதா என்று ஒழுங்காகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றது. ஆனால் உச்சநீதிமன்றத் தடை வாங்கிச் சுரங்கம் ஓடிக்கொண்டே இருந்தது. இந்திய வனஉயிரின நிறுவனத்தின் அறிக்கை வந்தது 2021இல்! அது என்ன சொன்னது? நாட்டில் இருக்கும் காட்டு யானைகளில் நூற்றுக்கு மூன்றுகூட சத்தீஸ்கரில் இல்லை, ஆனால் யானையால் சாகும் மனிதர்களில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் அந்த மாநிலத்தில்தான். காட்டை இன்னும் வெட்டினால் இந்தச் சாவைக் கட்டுப்படுத்த முடியாமல் போகும். அந்த வருஷமே கிராமத்துச் சனங்கள் ராய்ப்பூருக்கு 300 கிலோமீட்டர் நடந்தே போய் நியாயம் கேட்டார்கள். அப்படியும் 2022இல் இரண்டாவது கட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

யானை போச்சு, காடு போச்சு என்று மட்டும் இதைப் பார்க்காதீர்கள். செத்தவர்கள் நம்மைப் போன்ற குடியானவர்கள். எண்ணிக்கை முதலில் வந்திருந்தால், தோண்டுவது அப்புறம் வந்திருந்தால், எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்!

விலங்கு எல்லாம் நமக்கு எதிரியும் இல்லை. வயலில் கோல் நட்டுப் பறவைத்தாங்கி வையுங்கள், ராத்திரி ஆந்தை வந்து உட்கார்ந்து எலியைப் பிடிக்கும் என்று வேளாண்மைத் துறையே சொல்கிறது. கொக்கும் மடையானும் புழு பொறுக்கும். தேனீ இல்லாமல் பூசணியும் சூரியகாந்தியும் பிஞ்சு பிடிக்குமா? எறும்புத்தின்னி கரையானைத் தின்னும். கூலி கேட்காமல் வேலை செய்கிற இந்த ஆட்களை மஸ்டர் ரோலில் யாரும் எழுதுவதில்லை. அவர்கள் காணாமல் போன பிறகு மருந்துக் கடை பில்லில் தெரியும்.

"எழுதிக் கொடுத்தா வனத்துறை நிலத்தைப் புடுங்கிடுமா?"

இந்தப் பயம் மலையிலும் இருக்கிறது, அடிவாரத்திலும் இருக்கிறது. பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. காலங்காலமாக உழுத நிலத்துக்குப் பட்டா இல்லாமல், வனத்துறைக்குப் பயந்து பயந்து வாழ்ந்த சனம் இது. அதனால் தெளிவாகச் சொல்கிறோம்.

அறிக்கையில் மயிலும் உடும்பும் இருப்பதாக எழுதினால் உங்கள் பட்டா மாறாது. நிலம் காப்புக்காடு ஆகாது. காப்புக்காடு ஆக்குவதற்கும் சரணாலயம் ஆக்குவதற்கும் வேறு சட்டம், வேறு நடைமுறை. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும். அந்தப் பதிவேடும் யாருடைய நிலத்தையும் எடுக்காது. மலையில் இருப்பவர்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒடிசாவில் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்கலாமா என்று முடிவு செய்யும் உரிமையை 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டது. பன்னிரண்டு கிராம சபையும் வேண்டாம் என்றன. மலை நின்றது.

நம்ம தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி. பறவை பார்க்கிறவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஏறக்குறைய 250 வகைப் பறவைகளை அங்கே எழுதி வைத்திருந்தார்கள். ராஜாளி வகைகளும் அதில் உண்டு. ஏரி எத்தனை, சுனை எத்தனை என்றும் கணக்கு இருந்தது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு ஏலம் விட்டது. ஊர் எழுந்தது. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் மதுரைக்கு ஊர்வலமாக நடந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்து!

ஏலத்தை ரத்து செய்ய வைத்தது மக்கள் போராட்டம். சந்தேகமில்லை. ஆனால் "அது வெறும் பாறைதானே" என்று எவனும் சொல்ல முடியாமல் வாயடைத்தது, முன்கூட்டியே எழுதி வைத்திருந்த கணக்கு. காலும் நடந்தது, கணக்கும் பேசியது.

கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்கிறோம். 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் எடுக்கும் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்றது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நாளைக்கு இன்னொரு அரிட்டாபட்டி வந்தால் நம்மைக் கூப்பிட்டுக் கேட்கக்கூட மாட்டார்கள். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நமக்குக் கைகொடுக்குமா? அந்த வேலிக்குள் டெல்டா மாவட்டங்களும் கடலூரில் சில ஒன்றியங்களும் இருக்கின்றன. 2023 மார்ச்சில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி என்று மூன்று நிலக்கரி வட்டாரங்களை ஏலப் பட்டியலில் சேர்த்ததும் டெல்டா கொதித்தது. பத்தே நாளில், ஏப்ரல் 8ஆம் தேதி, பட்டியலிலிருந்து எடுத்தார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டம் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. நமக்கு நாமேதான் வேலி.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: ஒவ்வொரு ஊரிலும் ஒரு நாப்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, இடம், என்ன பார்த்தது, எத்தனை, பார்த்தவர் யார். இவ்வளவுதான். ஏரி, கரடு, ஓடை, மந்தைவெளி, சுடுகாட்டு ஆலமரம் ஒன்றையும் விடாதீர்கள். பிள்ளைகளிடம் போன் இருக்கிறது, தேதியோடு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வருஷம் முழுக்க எழுதினால், மூணு மாசம் எழுதினவனைவிட உங்கள் நோட்டுக்குத்தான் மதிப்பு.

இரண்டு: பெரியவர்களை உட்கார வைத்து, முன்னே இருந்து இப்போ இல்லாமல் போனதையும் எழுதுங்கள். எந்த வருஷத்துக்குப் பிறகு காணோம் என்றும் கேளுங்கள்.

மூன்று: கிராம சபையில் கேளுங்கள். நம்ம பஞ்சாயத்துப் பல்லுயிர்ப் பதிவேடு எங்கே? யார் எழுதினார்கள்? ஊரில் வாசித்துக் காட்டுங்கள் என்று தீர்மானம் போடுங்கள். பல இடங்களில் இதுவும் அலமாரிக்குள் தூங்குகிறது.

நான்கு: கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் முப்பது நாளுக்கு முன்னால் பத்திரிகையில் அறிவிப்பு வரணும். அறிக்கைச் சுருக்கம் தமிழில் கிடைக்கணும், கலெக்டர் ஆபீசிலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் வைத்திருக்கணும். கூட்டம் முழுக்க வீடியோ எடுக்கணும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டணும். வாசிக்காமல் எழுந்திருக்க விடாதீர்கள்! இதற்கு இத்தனை பேர் வரணும் என்று கோரம் கிடையாது. நாம் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. வாயால் சொன்னதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுத்து நகல் வாங்குங்கள்.

ஐந்து: அனுமதி கொடுத்துவிட்டால் முப்பது நாளுக்குள் சென்னையில் இருக்கும் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் அறுபது நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு கதவு மூடிக்கொள்ளும். தேதியைத் தவற விடாதீர்கள்.

நமது கோரிக்கைகள்

1. நெய்வேலி உட்பட எந்தச் சுரங்க விரிவாக்கமாக இருந்தாலும், பெரிய குவாரியாக இருந்தாலும், மழைக்காலமும் பனிக்காலமும் சேர்த்து ஒரு முழு வருஷம் உயிரினக் கணக்கு எடுக்க வேண்டும்.

2. ஆய்வாளரை நிறுவனம் வைக்கக் கூடாது. நிறுவனம் பணத்தை அரசிடம் கட்டட்டும், அரசு பல்கலைக்கழகத்தையோ பொது ஆய்வு நிறுவனத்தையோ நியமிக்கட்டும்.

3. ஆய்வுக்கு வருகிற தேதி ஊருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். ஊர்க்காரர் இருவர் கூட நடக்க வேண்டும். பட்டியலில் அவர்கள் கையெழுத்து வேண்டும்.

4. ஏரி, நீர்வரத்து வாய்க்கால், நிலத்தடி நீர் மூன்றையும் உயிரினங்களின் வாழிடமாகவே சேர்த்து ஆய்வு செய்ய வேண்டும்.

5. வெட்டிப் போட்ட மண்மேட்டில் இத்தனை லட்சம் கன்று நட்டோம் என்கிற கணக்கு மட்டும் போதாது. எத்தனை வகை மரம், எத்தனை பிழைத்தது, என்ன உயிர் திரும்பி வந்தது என்று ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும்.

6. வனவிலங்கால் பயிர் இழந்தவர்களுக்கு நஷ்டஈட்டை உயர்த்தி, ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

7. மக்கள் கருத்துக்கேட்புக்கு விலக்களிக்கும் 2025 குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும்.

தோழர்களே! கரண்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம்ம மோட்டாரும் கரண்டில்தான் ஓடுகிறது. அந்தக் கரண்டுக்காக எதை இழக்கிறோம் என்று ஒளிக்காமல் கணக்குச் சொல்லு என்கிறோம். எண்ணாமல் போனதை இழந்ததாகக்கூடச் சொல்ல முடியாது. அதற்கு நஷ்டஈடு கேட்க முடியாது, வழக்குப் போட முடியாது, பேரப்பிள்ளைக்குச் சொல்லவும் ஒன்றும் மிஞ்சாது.

அளந்து கொடுக்கிற மரக்காலும் நம்மோடது, நெல்லும் நம்மோடது. கணக்கு மட்டும் ஏன் அடுத்தவன் கையில்?

ஊருக்கொரு நோட்டு! ஏரிக்கொரு கணக்கு!
ஊர் சாட்சி இல்லாத அறிக்கையை ஏற்கமாட்டோம்!
கல்வராயன் மலை முதல் வெள்ளாற்றுக் கடைமடை வரை ஒன்றுபடுவோம்!